நின்ற இடத்திலேயே ஓடும் குதிரை

அத்தியாயம் 14

குதிரை ஓடிக்கொண்டுதான் இருந்தது. நகரத்தான் இல்லை.

நான்காம் எண் கணினியின் முன்னால் ரெத்னோ மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்தாள். நான்கு கால்களும் பாய்ச்சலில் இருந்தன. பிடரி பறந்தது. குளம்படியில் புழுதிகூடக் கிளம்பியது. ஆனால் தூரத்தில் தெரிந்த கோட்டை வாசல் தூரத்திலேயே இருந்தது. பொத்தானை அழுத்த அழுத்தக் குதிரை வெறிபிடித்ததுபோல் காற்றை மிதித்தது. அதிலும் ஒரு சத்தமில்லை. ஊமைக் குதிரை.

"பு, என் குதிரைய கயித்துல கட்டிப் போட்டுட்டீங்களா?" என்றான் கலாங். கடைக்கு வரும் பள்ளிக்கூடத்துப் பையன்கள் எல்லோருக்கும் அவள் 'பு'தான், அம்மா.

"இரு கண்ணா. பாக்கறேன்."

"காலையிலேர்ந்து பாத்துக்கிட்டேதான் இருக்கீங்க. அம்பு விட்டாலும் பாதி வழியில விழுந்துடுது. எதிராளி சிரிக்கிறான் பு!"

"ஒண்ணாம் நம்பர்ல நல்லாத்தானே ஓடுது?"

"அங்க எட்டு பேர் வரிசையில நிக்கிறாங்க. என் முறை வர்றதுக்குள்ள எனக்கு மீசை முளைச்சிடும்."

பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். ரெத்னோவால் சிரிக்க முடியவில்லை. அவள் கண் வாசலுக்குப் போய்த் திரும்பியது. இந்தோனேசியச் சிறுநகரமான சலாதிகாவின் மதிய மழை தெருவை மறைத்துக்கொண்டு பெய்தது. எந்த வண்டி வந்தாலும் பக்கத்தில் வரும்வரை தெரியாது.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து வார்நெட்டில் நடந்ததைப் போன வாரம் ரெத்னோ தன் கண்ணாலேயே பார்த்தாள். வாடகைக்கு இணையம் தரும் கடை, இவர்களுடையதைப் போலவேதான். காவல்துறை லாரி வந்து நின்றது. கணினிப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக, செங்கல் அடுக்குவதுபோல் ஏற்றினார்கள். எல்லாவற்றிலும் திருட்டு விண்டோஸ். கடைக்காரரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் மனைவி வெறுங்காலோடு லாரியின் பின்னால் தெருமுனைவரை ஓடினாள். அந்த ஓட்டத்தை ரெத்னோவால் மறக்கவே முடியவில்லை. கண்ணை மூடினால் அந்தப் பாதங்கள்தான் வந்தன.

மறுநாளே அவள் கணவன் தர்யோனோ தன் கடையின் பத்துக் கணினிகளிலிருந்தும் திருட்டு விண்டோசைத் துடைத்தெடுத்துவிட்டான். அசல் விண்டோஸ் வாங்க வசதியில்லை. அதே வேலையைச் செய்யும் லினக்ஸ் இலவசம், அதைப் போட்டான். யாரும் வந்து கேட்க முடியாது.

கடிதம் தட்டச்ச, மின்னஞ்சல் பார்க்க, படம் அச்செடுக்க ஒரு குறையும் இல்லை. ஆனால் கடையை நடத்துவது கடிதம் எழுதுகிறவர்களா? 'ஏழு கோட்டை' ஆட வரும் பையன்கள் அல்லவா! அந்த விளையாட்டோ விண்டோசுக்கென்றே பிறந்தது.

அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தவள் மகள் கினந்தி. பல்கலைக்கழகத்து நண்பர்களிடமிருந்து வைன் என்ற இலவச நிரலைக் கொண்டுவந்தாள். அதன் வேலை வேடிக்கையானது. விளையாட்டு, தான் விண்டோசில் இருப்பதாகவே நம்பிக்கொண்டு, 'எனக்கு ஒரு சன்னல் திற', 'இந்தச் சத்தத்தை எழுப்பு' என்று விண்டோசின் பாஷையில் கேட்கும். வைன் அதைக் காதில் வாங்கி, லினக்சுக்குப் புரிகிறபடி மாற்றிச் சொல்லும். கிடைத்த பதிலை மறுபடி விண்டோஸ் பாஷையில் விளையாட்டிடம் கொடுக்கும். கடைசிவரை விளையாட்டுக்கு விஷயமே தெரியாது. அந்தப் பெட்டிக்குள் விண்டோஸ் ஒரு துளியும் கிடையாது.

ஒன்றாம் எண் கணினியில் போட்டுப் பார்த்தார்கள். குதிரை பறந்தது. அப்பனும் மகளும் கைதட்டினார்கள். மற்ற ஒன்பதிலும் அதே வைன், அதே விளையாட்டு, அதே கையால் போட்டார்கள். ஒன்பது குதிரைகளும் நின்ற இடத்திலேயே ஓடின.

"நினைவகத்த மாத்திப் பாத்தாச்சு, திரை அட்டைய மாத்திப் பாத்தாச்சு. பெட்டியில ஒரு கோளாறும் இல்லம்மா" என்றாள் கினந்தி, தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தபடி. முகமெல்லாம் தூசி. "ஒண்ணாம் நம்பருக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசமும் இல்ல."

"ஒரு வித்தியாசமும் இல்லன்னா அது ஏன் ஓடுது, இது ஏன் ஓடல?"

"அதான் தெரியலைன்னு சொல்றேன்ல! சும்மா சும்மா கேக்காதம்மா."

ரெத்னோவின் கைப்பேசி சிணுங்கியது. சட்டென்று எடுத்தாள். காலையில் காவல் நிலையத்திலிருந்து ஆள் வந்து கூப்பிட்டு, மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு போன தர்யோனோ இன்னும் திரும்பவில்லை. அவனிடமிருந்துதான் குறுஞ்செய்தி.

'நம்ம கடைல திருட்டு மென்பொருள் எதுவும் இல்லனு எழுதிக் கையெழுத்து போட்டுட்டேன். நேர்ல வந்து பாக்க வர்றாங்க. நானும் கூட வர்றேன். ஏதாவது இருந்தா அவங்களோடயே திரும்பிப் போகணும்.'

கடைசி வரியை அவள் இரண்டு முறை படித்தாள். ஆனால், எதுவும்தான் இல்லையே. துடைத்தாயிற்றே. பயப்பட என்ன இருக்கிறது? தனக்குத் தானே சொல்லிக்கொண்டு நிமிர்ந்தவள், ஏழாம் எண் கணினியின் முன்னால் ஒரு முதுகைப் பார்த்தாள்.

தர்யோனோவின் தம்பி குந்தோரோ. எப்போது உள்ளே வந்தான்? தோளில் மழை சொட்டிக்கொண்டிருந்தது. அவன் கை ஒரு குறுவட்டை உள்ளே தள்ளியது. தட்டு சரக்கென்று மூடிக்கொண்டது.

"என்னடா போடற அதுல?"

"கத்தாதீங்க அண்ணி. பையனுங்க பாக்கறாங்க." குரலைத் தாழ்த்தினான். "விண்டோஸ்தான். கொஞ்ச நேரத்துல ஏறிடும். இன்னிக்கு ஆட்டத்த முடிச்சுட்டு சாயங்காலம் அழிச்சுடலாம்."

"பைத்தியமாடா உனக்கு? உங்க அண்ணன் கையெழுத்துப் போட்டிருக்காரு! அவங்க வந்துக்கிட்டு இருக்காங்க!"

"எப்பவும் அப்படித்தான் சொல்லுவாங்க. இந்த மழையில எவன் வருவான்? அண்ணி, அந்தப் பசங்க எழுந்து போனா திரும்ப வர மாட்டாங்க. எதிர்த் தெருவுல புதுசா ஒருத்தன் கடை போட்டுட்டான். நீங்களும் அண்ணனும் நல்ல பேர வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க? வறுத்துத் திம்பீங்களா?"

"நல்ல பேருக்காக இல்லடா. அவர் வீட்டுக்கு வரணும். எனக்கு அது போதும்."

திரையில் நீலம் பரவத் தொடங்கியது. ரெத்னோ யோசிக்கவில்லை. குனிந்து, சுவரிலிருந்த மின்கம்பியைப் பிடித்து இழுத்தாள். திரை கறுத்தது.

"இப்ப அந்த சிடிய எடுத்துக்கிட்டு வெளியில போ."

குந்தோரோ பொத்தானை அழுத்தினான். தட்டு வரவில்லை. மறுபடி அழுத்தினான். மின்சாரம் இல்லாமல் அது எப்படித் திறக்கும்? குறுவட்டு உள்ளேயே மாட்டிக்கொண்டது. மறுபடி சொருகலாம் என்று ரெத்னோ கம்பியைத் தேடிக் கையை நீட்டியபோது, வாசலில் வண்டிக் கதவுகள் அறைந்து சாத்தப்படும் சத்தம் கேட்டது.

ஒரு கதவு இல்லை. மூன்று.

அவள் நிமிர்ந்து திரும்பிப் பார்க்கும்போது குந்தோரோ அங்கே இல்லை. பின்வாசல் கதவு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

முதலில் தர்யோனோ உள்ளே வந்தான். காலையில் போனவனைவிடப் பத்து வயது கூடியவன்போல் தெரிந்தான். மனைவியைப் பார்த்துச் சின்னதாகத் தலையசைத்தான். பயப்படாதே என்று சொல்வதற்காக அசைத்த தலை. அதைப் பார்த்ததும்தான் அவளுக்குப் பயம் இரட்டித்தது.

பின்னால் அதிகாரி சுகெங். ஐம்பதைத் தாண்டியவர். செருப்பை வாசலிலேயே நிதானமாகக் கழற்றிவிட்டு, "மன்னிச்சுக்குங்க பு, தொந்தரவுக்கு" என்றார். இவ்வளவு மரியாதையாகப் பேசுகிறவர்களிடம்தான் அவளுக்கு எப்போதும் நடுக்கம். கூட வந்த இளம் காவலர் ஈரக் குல்லாவை உதறிக்கொண்டு, காலியாக இருந்த ஒரு நாற்காலியைப் பார்த்து உட்கார்ந்தார்.

ஏழாம் எண்ணின் நாற்காலி.

ரெத்னோ சட்டென்று முன்னால் வந்தாள்.

"டீ குடிக்கறீங்களா பாக்?" என்று, 'ஐயா' என்ற அந்த மரியாதைச் சொல்லை மறக்காமல், கேட்டாள். குரல் தன்னுடையதாகவே இல்லை.

"அப்புறம் பு. அப்புறம்." சுகெங் நேராகக் கூட்டம் கூடியிருந்த ஒன்றாம் எண் கணினிக்குப் போனார். பையன்கள் கலைந்து வழிவிட்டார்கள். திரையில் குதிரை கோட்டை மதிலைத் தாண்டிக்கொண்டிருந்தது. குளம்பொலி கடை முழுக்கக் கேட்டது. அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏழு கோட்டை" என்றார்.

"ஆமா பாக்" என்றான் தர்யோனோ.

"என் பையன் வீட்டுல இதேதான் ஆடறான். சாப்பிடக் கூப்பிட்டாக்கூட வர மாட்டான். விண்டோஸ் இருந்தாத்தான் ஓடும்னு அட்டைப் பெட்டியிலயே போட்டிருக்கு." திரும்பினார். "விண்டோசே இல்லன்னு காலையில கையெழுத்துப் போட்டீங்களே பாக் தர்யோனோ?"

பையன்கள் குதிரையை விட்டுவிட்டு அவரையே பார்த்தார்கள்.

இதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. விளையாட்டு ஓடவில்லையே என்றுதான் இத்தனை நாளும் கவலைப்பட்டார்கள். ஓடுவதே சாட்சியாக வந்து நிற்கும் என்று யாருக்குத் தோன்றும்?

தர்யோனோ விளக்கப் பார்த்தான். நாக்கு குழறியது. "அது... நடுவுல ஒரு நிரல் இருக்கு பாக். அது கேக்கறத மாத்திச் சொல்லும்... விண்டோஸ் மாதிரி நடந்துக்கும். ஆனா விண்டோஸ் இல்ல."

"விண்டோஸ் மாதிரி. ஆனா விண்டோஸ் இல்ல." சுகெங் புன்னகைத்தார். "நான் கம்ப்யூட்டர் படிச்சவன் இல்ல. ஆனா இந்த மாதிரிப் பேச்ச நிறையக் கேட்டிருக்கேன். சரி. உங்க பேச்சையே எடுத்துக்குவோம். அந்த நிரல் மத்ததுலயும் இருக்கா?"

"எல்லாத்துலயும் இருக்கு பாக்."

"அப்போ எல்லாத்துலயும் இந்தக் குதிரை ஓடணும். நான் சொல்ற இன்னொரு மெஷின்ல ஓட்டிக் காட்டுங்க. ஓடினா நம்பறேன். ஒண்ணுல மட்டும்தான் ஓடும்னா, அந்த ஒண்ணுல என்னத்தையோ ஒளிச்சு வச்சிருக்கீங்கன்னு அர்த்தம். பெட்டிய செமாராங் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிப் பிரிச்சுப் பாக்கச் சொல்லுவேன். அது வர்ற வரைக்கும் நீங்க எங்க விருந்தாளி."

அவர் கண் வரிசையாக ஓடியது. ரெத்னோவின் உயிரும் அந்தக் கண்ணோடு ஓடியது. ஏழு வேண்டாம். ஏழு வேண்டாம்.

"நாலு" என்றார் சுகெங்.

கினந்தி நான்காம் எண்ணின் முன்னால் உட்கார்ந்து விளையாட்டைத் திறந்தாள். குதிரை வந்தது. கால்கள் பாய்ந்தன. கோட்டை அசையவில்லை.

"கெட்டுப் போயிருக்கு பாக்" என்றாள் மெல்ல.

"தெரியுது."

"கொஞ்சம் டைம் குடுங்க."

"அந்த டீய இப்பக் குடிக்கிறேன் பு" என்றார் அவர். டீ இருக்கும்வரைதான் நேரம் என்பது எல்லோருக்கும் புரிந்தது.

ரெத்னோ டீயை ஊற்றிக் கொடுத்துவிட்டு மகளின் பக்கத்தில் மண்டியிட்டாள். தர்யோனோ சுவரோரம் நின்றான், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல். எதிர்ப்பக்கம் இளம் காவலர் ஏழாம் எண்ணின் விசைப்பலகையைச் சும்மா தட்டிக்கொண்டிருந்தார்.

"இந்த ஆட்டத்துக்குள்ள என்ன இருக்குன்னு காட்டு" என்று ரெத்னோ மகளிடம் கிசுகிசுத்தாள்.

கினந்தி விளையாட்டின் அமைப்புக் கோப்பைத் திறந்தாள். வெறும் எழுத்தும் எண்ணும். ஒன்றாம் எண்ணிலிருப்பதும் இதுவும் ஒன்றேதான், எழுத்துக்கு எழுத்து.

உயிர் 250. அம்புகள் 40. குதிரை வேகம் 0.85. ஒலி அளவு 0.6. வில் வீச்சு 1.8.

"கண்ணா" என்று ரெத்னோ கலாங்கைக் கூப்பிட்டாள். "உன் ஆளுக்கு உயிர் எவ்வளவு காட்டுது?"

"இருநூத்தம்பது பு. அதெல்லாம் சரியாத்தான் இருக்கு."

"அம்பு?"

"நாப்பது. எண்ணிக்கையில குறையில்ல. போய் விழற தூரந்தான் பாதி."

ரெத்னோ திரையையே பார்த்தாள். குதிரை, சத்தம், அம்பு. மூன்று வெவ்வேறு நோய் என்றல்லவா நினைத்தோம்? உயிர் பிழைத்தது. அம்புக்கணக்கு பிழைத்தது. வேகம் செத்தது. ஒலி செத்தது. வில் பாதி செத்தது.

"கினந்தி." ரெத்னோ திரையைத் தொட்டுக் காட்டினாள். "முழு எண்ணெல்லாம் நல்லாருக்குடி. பின்னம் மட்டுந்தான் போச்சு."

"என்னது?"

"புள்ளிக்கு அந்தப் பக்கம் இருக்கறத இது படிக்கவே இல்ல. 0.85ல புள்ளியோட நின்னுட்டா என்ன மிச்சம்? பூஜ்யம். வேகம் பூஜ்யம். 0.6ல? பூஜ்யம். ஊமை. 1.8ல ஒண்ணு. அதான் அம்பு பாதியில விழுது."

கினந்தியின் வாய் திறந்தபடி நின்றது. "புள்ளிய ஏன்மா படிக்காது?"

"ஒண்ணரை கிலோவெல்லாம் நாம எப்படி எழுதறோம்? சந்தையில, பெட்ரோல் போடற இடத்துல? 1,5ன்னு காற்புள்ளி வச்சுத்தானே? நம்ம ஊருல புள்ளி ஆயிரத்தப் பிரிக்கறதுக்கு. பின்னத்துக்குக் காற்புள்ளி. வெளிநாட்டுல தலைகீழ். இந்த ஆட்டத்த எழுதினவன் வெளிநாட்டுக்காரன்."

"ஆனா ஒண்ணாம் நம்பர் மட்டும்..."

சொல்லும்போதே அவளுக்கும் விளங்கிவிட்டது. ஒன்றாம் எண் முதன்முதலாகச் சோதனைக்குப் போட்டது. வந்தபடியே ஆங்கிலத்தில் விட்டுவிட்டார்கள். மற்ற ஒன்பதையும் போடும்போது தர்யோனோதான் பிடிவாதமாகச் சொன்னான்: புதுசு என்று ஆட்கள் மிரளக்கூடாது, எல்லாப் பட்டியலும் நம் மொழியிலேயே இருக்கட்டும். ஆசை ஆசையாக உட்கார்ந்து ஒவ்வொன்றையும் இந்தோனேசியனாக்கினான். கணினியும் ஒழுங்காக இந்தோனேசியனாகிவிட்டது, எண் எழுதும் வழக்கம் உட்பட. வைன் அந்த வழக்கத்தை விளையாட்டுக்கும் சொல்லிக் கொடுத்தது. விளையாட்டு, காற்புள்ளிக்குக் காத்திருந்து, புள்ளியைக் கண்டதும் 'எண் முடிந்தது' என்று திரும்பிவிட்டது.

"பாக் சுகெங் டீ முடிச்சுட்டாரு" என்றான் தர்யோனோ. கெஞ்சுவதுபோல் இருந்தது.

"மொழிய மாத்தி மறுபடி தொடங்கணும்னா நேரமாகும்மா" என்றாள் கினந்தி. அவள் விரல்கள் பொத்தான்களின் மேல் தயங்கின. "இரு, இரு. பிரிண்டர் கோளாறு வந்தப்போ இணைய மன்றத்துல, பிழைச் செய்திய இங்கிலீஷ்ல போடுன்னு கேட்டாங்களே. அப்போ ஒரே ஒரு நிரல மட்டும் இங்கிலீஷ்ல திறந்தோம்ல?"

"அத அடி."

கட்டளை அடிக்கும் கறுப்புச் சன்னலைத் திறந்தாள். தட்டச்சினாள். ஒரு தடவை தப்பு. அழித்தாள். மறுபடி. நுழை பொத்தானை அழுத்திவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

முதலில் சத்தம் வந்தது. தடதடவென்று குளம்பொலி, நான்காம் எண்ணிலிருந்து. அப்புறம் கோட்டை வாசல் பெரிதாகத் தொடங்கியது. பெரிதாகிப் பெரிதாகித் திரையை நிறைத்தது. குதிரை உள்ளே நுழைந்தது.

"அடிச்சான் பாரு!" என்று கலாங் கத்தினான். பையன்கள் மேசையைத் தட்டினார்கள். தர்யோனோ சுவரில் சாய்ந்து, முகத்தை இரண்டு கைகளாலும் துடைத்துக்கொண்டான்.

சுகெங் எழுந்து வந்து நான்கையும் ஒன்றையும் மாறி மாறிப் பார்த்தார். தலையை ஆட்டினார். முகம் இன்னும் முழுசாக இளகவில்லை, ஆனால் இறுக்கம் போய்விட்டது.

"ஓடுதே!" என்றார் இளம் காவலர், சின்னப்பையனின் குதூகலத்தோடு. "பாக், இதுலயும் போடச் சொல்லலாமா? இது என்ன, கம்பிய யாரோ பிடுங்கி வச்சிருக்காங்க." அவர் குனிந்து ஏழாம் எண்ணின் மின்கம்பியை எடுத்தார். சுவர்த்துளையைத் தேடினார்.

மின்சாரம் வந்ததும் உள்ளே மாட்டியிருக்கும் விண்டோஸ் திரையில் நீலமாக எழும்பிவிடும் என்பது ரெத்னோவுக்குத் தெரியும். தர்யோனோ அவளைப் பார்த்துச் சிரித்தான். பாவம், அவனுக்கு எதுவும் தெரியாது.

"என்ன பண்ணீங்க பு?" என்றார் சுகெங். "எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. அறிக்கையில எழுதணும்."

அவள் பார்வை அந்தக் கம்பியின் முனையிலேயே இருந்தது. வாய் மட்டும் பதில் சொன்னது, ஒவ்வொரு சொல்லாக:

"மெஷின் நம்ம மொழியிலயே இருக்கலாம் பாக். விளையாட்டத் திறக்கற கட்டளைக்கு முன்னால LC_ALL=Cன்னு சேத்து அடிக்கணும். அப்போ அந்த விளையாட்டு மட்டும் வெளிநாட்டுக் கணக்குல ஓடும், புள்ளிய பின்னமாப் படிக்கும், குதிரை நகரும்."